இறுதிக்கோட்டில் கட்டிய பட்டிழை

இக்குறிப்பை எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை ஆண்டுகள் இருந்தேன். சென்ற திங்கள் நம் நகரில் நிகழ்ந்த ஒரு கூட்டம் அதற்கு இடந்தரவில்லை. விளையாட்டில் பரிசு பெற்ற பிள்ளைகளுக்குத் திருமண மண்டபம் ஒன்றில் பாராட்டு நடந்தது. வாழ்த்துரைக்க வந்த ஒருவர், பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காக ஒரு பழைய கதையை எடுத்தார்.

"அந்தக் காலத்துல நம்ம ஊர்ப் பொண்ணு ஒண்ணு, ஓட்டப் பந்தயத்துல எல்லாருக்கும் முன்னாடி ஓடி வந்துச்சாம். கடைசியில கட்டியிருந்த நூலைப் பாத்ததும் பயந்துபோயி குனிஞ்சு உக்காந்துடுச்சாம். 'ஏய் நூலு, ஏய் நூலு'ன்னு ஒரே கத்தலாம்!"

மண்டபம் சிரித்தது. நான் எழுந்து நின்றேன். "உக்காருங்கம்மா, சாப்பாடு இப்பப் போட்டுடுவாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தக் கதையில் அவள் முன்னே வந்ததும், குனிந்ததும், 'ஏய் நூலு' என்று கத்தியதும் மட்டுமே உண்மை. அவள் அஞ்சவில்லை. உட்காரவில்லை. அந்த ஓட்டத்தில் முதலில் வந்தவள் அவளே. அவளைப் பயிற்றியவள் நான். அவள் கோட்டைக் கடந்ததைக் கண்ணால் கண்டவளும் நான். ஒரு பொய் வேடிக்கைக் கதையாக மாறிவிட்டால் அதை மறுப்பவர்தாம் நகைப்புக்கு உள்ளாகிறார். உள்ளாகிவிட்டேன், இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்துப் பெண்கள் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்தேன். உடற்பயிற்சி ஆசிரியை திருமணமாகிப் போன பின் அந்த இடத்தை நிரப்புவார் இல்லை. கல்லூரி நாள்களில் நான் ஓட்டப் பந்தயங்களில் பங்கு கொண்டதை ஆசிரியர் அறையில் ஒருமுறை சொல்லியிருந்தேன். தலைமையாசிரியை அதை மறக்கவில்லை.

"நீங்கதான் மெட்ராஸ்ல ஓடினேன், ஓடினேன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, இந்தாங்க" என்று ஊதலை என் கையில் வைத்தார். அவ்வளவுதான் பணியமர்த்தல்.

பள்ளியில் திடல் இல்லை. காலை வழிபாட்டுக்கு வரிசையாக நிற்க மட்டுமே முற்றத்தில் இடமிருந்தது. ஆகவே விடியற்காலையில் மாணவியரை வேகவதி ஆற்றுக்கு அழைத்துச் சென்றேன். பெயரில் மட்டுமே விரைவுடைய ஆறு அது. ஆண்டின் பெரும்பகுதி நீரே இராது. ஆயினும் மணல் இருந்தது. மணலில் ஓடிப் பழகிய கணுக்கால் கெட்டித் தரையில் துள்ளும்.

விரைவு பிறவியில் வருவது, கற்பித்து வராது என்று அக்காலத்தில் பயிற்சியாளர்களே கூறுவார்கள். பயிற்றாமல் இருப்பதற்கு அதைவிட வசதியான கொள்கை வேறில்லை. விரைவு இரண்டு பொருளால் ஆனது: அடியின் நீளம், அடி மாறும் சடுதி. எங்கள் பெண்கள் எடுத்த எடுப்பிலேயே காலை நீட்டி எறிந்தார்கள். உடல் பின்தங்கிக் கால் முன்னே போய் நின்றது. இதை எந்தச் சொல்லால் விளக்குவது என்று சில நாள் திகைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த சொல்லாலேயே விளக்கினேன்.

"புறப்படும்போது குறில். குறுகிய அடி, விரைந்த அடி. உடல் நிமிர்ந்த பிறகு நெடில்."

கையைத் தட்டித் 'தனதன தனதன' என்று தொடங்குவேன். அவர்கள் பாதி தொலைவு போனதும் 'தானா தானா' என்று நீட்டுவேன். இலக்கண வகுப்பில் தூங்கியவர்கள்கூட மணலில் மாத்திரையைப் புரிந்துகொண்டார்கள். கேலிக்கும் குறைவில்லை.

"டீச்சர், எனக்கு மூச்சு ஒற்றாயிடுச்சு, உயிரே இல்ல!"

"உனக்கு அளபெடைடி. நீ எப்ப வந்து சேர்றது, நாங்க எப்ப வூட்டுக்குப் போறது!"

திசை மாற்றும் பயிற்சிக்குக் கொட்டாங்குச்சிகளை மணலில் கவிழ்த்து வைத்து, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஓடச் செய்வேன். திடீரென்று 'இடம்!' 'வலம்!' என்று குரல் கொடுப்பேன். அந்த நொடியில் திரும்ப வேண்டும். பெரும்பாலோர் திரும்பும் முன் நின்றார்கள், அல்லது வழுக்கி விழுந்தார்கள். ஒருத்தி மட்டும் நிற்கவுமில்லை, விழவுமில்லை. முழங்காலை மடக்கி உடலைத் தாழ்த்திக்கொண்டு, விரைவு குறையாமல் அப்படியே சுழன்று போனாள். பட்டு நெய்வோர் தெருவிலிருந்து வந்த பத்தாம் வகுப்புப் பெண். நேர் ஓட்டத்தில் அப்போது அவள் நடுத்தரந்தான். தாழ்ந்து ஓடுவதில் அவளை நெருங்க ஆளில்லை.

"இப்படிக் குனிந்து ஓட எங்கே கற்றாய்?" என்று கேட்டேன்.

"எங்க கத்துக்கினேன்? தெருவுல பாவு கட்டியிருப்பாங்க டீச்சர். கடைக்குப் போவணும்னா கீழ பூந்துதான் போவணும். நேரமாச்சுன்னா பூந்து ஓடணும்."

"தாண்டிப் போனால் என்ன?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், ஆசிரியை ஆயிற்றே என்ற பொறுமை இருந்தது. "பாவைத் தாண்டுனா எங்க நைனா காலை ஒடிச்சிடுவாரு."

நைனா என்றது தந்தையை. பாவு என்பது தறியில் ஏறுவதற்கு முன் நெடுக நீட்டிக் கட்டும் பட்டிழைத் தொகுதி. விடியலில் மூங்கில் தாங்கிகள்மேல் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். அதற்கு மேலே கால் வைத்துத் தாண்டுவது தொழிலையே இழிவு செய்வதாகும். உடல் பட்டு ஓர் இழை அறுந்தாலோ, அந்த வீட்டில் அன்று யாரும் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள். அத்தெருப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய நாள் முதல் குறுக்கே கட்டிய நூலைக் கண்டால் குனிவார்கள். மூளை முடிவு செய்து குனிவதன்று. கண் நூலைக் கண்ட நொடியில் உடல் தானாகத் தாழ்ந்துவிடும்.

அந்தத் தாழ்ச்சியே அவள் வலிமை என்று எனக்கு விளங்கிற்று. ஓட்டம் புறப்படுகையில் உடல் தாழ்ந்திருந்து சிறிது சிறிதாக எழ வேண்டும். மற்றவர்களுக்கு அதைக் கற்பிக்க மாதக்கணக்காயிற்று. அவளுக்குக் கற்பிக்கவே தேவையில்லை. நான் கற்பித்தது எழுவதை மட்டுந்தான். மழைக்காலம் முடிவதற்குள் பள்ளியில் அவளை முந்துவார் இல்லை.

அப்போதுதான் அவள் தந்தை அவளை மணலுக்கு அனுப்புவதை நிறுத்தினார். நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்யும் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். கரையின் இழை ஓட்டும் நாடா என்னும் கட்டையை மறுபக்கமிருந்து தள்ள ஒருவர். அந்த ஒருவர் இவள்.

"காலையில இவ ஓடப் பூட்டா கரை போடுறது யாரும்மா? நீங்க வந்து குந்துறீங்களா?" என்றார் தறிக்குழியில் இருந்தபடியே.

"நான் உட்கார்ந்தால் உங்கள் சேலை கெடும். இவள் உட்கார்ந்தால் இவள் ஓட்டம் கெடும்."

அவர் சிரித்துவிட்டார். நெய்வதை நிறுத்தாமலே சற்று யோசித்தார். "சரி, ஒண்ணு சொல்றேன். மாவட்டப் போட்டி வருதுன்னு சொன்னீங்க இல்ல? அதுல மொதல்ல வந்தா மெட்ராசுல மாநிலப் போட்டிக்கும் போவட்டும், அடுத்த வருசமும் ஓடட்டும். நான் வேற ஆளு வச்சுக்கிறேன். வரலன்னா தறியில குந்தட்டும். அப்பால நீங்க இந்தப் பக்கம் வந்து கேக்கக் கூடாது."

"முதலில் வந்தால்?"

"மொதல்ல வந்தா."

மறுபக்கம் அமர்ந்திருந்த அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லாதபடி அவள் முகம் இருந்தது.

அவ்வாண்டு மாவட்டப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. காலையில் நடந்த தகுதிச் சுற்றில் நூல் எதுவும் கட்டப்படவில்லை. தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும். அவள் அதைக் கடந்து, நிற்க மனமில்லாமல் வேலி வரை ஓடினாள். இறுதிச் சுற்று மாலையில், சிறப்பு விருந்தினர் வந்த பிறகு.

விருந்தினர் வந்ததுதான் கேடு. வழக்கமாகக் கம்பளி நூல் ஒன்றை மெல்லிதாகக் கட்டுவார்கள், தொட்டதும் அறுந்துவிடும். ஏற்பாட்டாளருள் ஒருவருக்கு அன்று ஊர்ப்பெருமை பொங்கிவிட்டது.

"காஞ்சிபுரத்துல பந்தயம், கம்பளி நூலா கட்டுவாங்க? அசிங்கமா இருக்குது. பட்டு நூலு எடுத்தாங்கப்பா!"

ஓர் ஆள் ஓடினார். ஏதோ கடையிலிருந்து சிவப்புப் பட்டிழை வந்தது. இவற்றையெல்லாம் பின்னால் உடன் பணியாற்றிய ஆசிரியை சொல்லித்தான் அறிந்தேன். அந்நேரத்தில் நான் புறப்படும் முனையில் அவளருகே நின்று, "முதலில் குறில்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் "தெரியும் டீச்சர், நீங்க போங்க" என்றாள். நான் ஓடுபாதையோரம் கட்டிய கயிற்றுக்கு வெளியே விரைந்து நடந்து இறுதிக்கோட்டுக்கு நேராக வந்து நின்றேன். விருந்தினரைச் சுற்றி ஒரு கூட்டம் கோட்டை மறைத்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி ஒலித்த பிறகே அக்கூட்டம் விலகிற்று. அப்போதுதான் கண்டேன்: இரண்டு கம்பங்களுக்கிடையே, மார்பளவு உயரத்தில், முறுக்கேற்றி இழுத்துக் கட்டிய பட்டிழை மாலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

அவள் நான் சொன்னபடியே வந்தாள். குறில் குறிலாகப் புறப்பட்டு, நிமிர்ந்து, நீண்டு, எவருக்கும் எட்டாத முன்னணியில் வந்தாள். கோட்டுக்குச் சில அடி முன்னே அவள் கண் அந்த இழையைக் கண்டது. உடல் தாழ்ந்தது. கால் ஒரு நொடியும் தயங்கவில்லை. நூலின்கீழ் நுழைந்து, கோட்டைக் கடந்து, மறுபக்கம் நிமிர்ந்தாள். அவள் நிமிர்ந்து திரும்பிய பிறகே அடுத்தவள் வந்தாள். மாகறலிலிருந்து வந்த உழவர் வீட்டுப் பெண். அவள் நேராக நூலின்மேல் பாய்வதைக் கண்டதும் நம் பெண் வாய்விட்டுக் கத்தினாள்:

"ஏய், நூலு! நூலு!"

அதுதான் அந்தப் புகழ்பெற்ற கத்தல். அச்சத்தில் எழுந்ததன்று. தன் தெருவில் யாரேனும் பாவின்மேல் விழப்போனால் எப்படிக் கத்துவாளோ அப்படிக் கத்தினாள். முறுக்கிய பட்டு எளிதில் அறுமா? மாகறல் பெண்ணின் கழுத்தடியில் கீறிச் சிவந்த கோடு போட்டுவிட்டுத்தான் ஒரு கம்பத்திலிருந்து அறுந்தது. திடல் முழுதும் சிரித்தது. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவரும் சிரித்தார்.

சிரித்துக்கொண்டேதான் முடிவையும் அறிவித்தார்கள்: நூலை அறுத்தவள் மாகறல் பெண், முதலிடம் அவளுக்கே, குனிந்து போனவள் ஓட்டத்தை முடிக்கவில்லை.

நடுவர் மேசைக்குப் போனேன். தலைமை நடுவர் வடையைக் கையில் வைத்திருந்தார்.

"நூலு எதுக்கும்மா கட்டுறாங்க? அறுக்கத்தான? அறுக்காதவ எப்பிடி முடிச்சவ ஆவா?"

"நூல் உங்கள் கண்ணுக்கு உதவியாகக் கட்டுவது. ஓட்டம் முடிவது கோட்டில். அவள் உடல் கோட்டைக் கடந்ததா, இல்லையா?"

"குனிஞ்சிக்கினு கடந்தா?"

"நிமிர்ந்துதான் கடக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது?"

"நீங்க தமிழ் டீச்சர்தான? போயி எதுகை மோனை பாருங்கம்மா. இத்த எங்ககிட்ட வுடுங்க."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள். அப்போது மாகறல் பெண் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"சார், நான் ரெண்டாவதாதான் வந்தேன். அவதான் சார் முன்னாடி போயி நின்னுக்கினு இருந்தா."

"நீ சும்மா இரும்மா. குடுக்குறத வாங்கிக்கினு போ" என்றார் நடுவர்.

தோற்றவளாகச் சொல்லப்பட்டவளின் ஆசிரியை சொல்வதை விடுங்கள். வென்றவளாகச் சொல்லப்பட்டவளே மறுத்தும் அவர்கள் கேட்கவில்லை. விருந்தினருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது; பரிசளிப்பு தொடங்க வேண்டும். ஒரு பெண்ணின் ஓட்டத்தைவிட விரைந்து ஓடியது அன்று அவர்கள் அவசரந்தான்.

தமிழில் நூல் என்னும் சொல் இழைக்கும் பெயர், விதிகளைத் தொகுத்த ஏட்டுக்கும் பெயர். நெசவு நகரில் பட்டிழையைக் குறுக்கே கட்டினால் எந்த வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இழையைத்தான் அறியவில்லை, விதியையாவது அறிந்திருந்தார்களா? அதுவும் இல்லை. ஊரின் பெருமையைக் காட்டக் கட்டிய பட்டு, அந்தப் பெருமையை உண்டாக்கும் தெருவிலிருந்து வந்தவளையே வீழ்த்திற்று என்பது இன்றுவரை அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தொலைக்காட்சியில் உலகத்து ஓட்டக்காரர்கள் கோட்டருகே தலையையும் தோளையும் முன்னே தாழ்த்திப் பாய்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. குனிந்தவர்க்கு இன்று பதக்கம் தருகிறார்கள்.

நூல் கட்டி ஏன் பழக்கவில்லை என்று என்னையும் கேட்டார்கள், தலைமையாசிரியையே கேட்டார். நான் கோட்டைக் கடக்கப் பழக்கினேன். விதி கேட்பது அதைத்தான். விதியில் இல்லாத ஒன்றுக்கு ஏன் பழக்கவில்லை என்ற கேள்விக்கு நான் அன்றும் விடை சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை.

இவர்கள் சினத்துக்கு உரியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் என்னை மேலும் கொதிக்கச் செய்தது ஏளனமன்று, புகழ்ச்சி. மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். முதலில் வந்தால் விடுவேன் என்ற சொல்லை நினைவூட்டத்தான் போனேன். தெருமுனையிலேயே ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொண்ணு இழையை அறுக்காம வந்துச்சாமே! வளத்தா அப்பிடி வளக்கணும்மா." உள்ளே போனால் தந்தையின் முகத்தில் நான் அதற்கு முன் காணாத மலர்ச்சி.

"ஊரே சொல்லுதும்மா. பட்டைக் கண்டு குனிஞ்சா பாரு, அதான் நம்ம வூட்டுப் பொண்ணு. பந்தயம் கெடக்குது, போவட்டும்."

"பந்தயம் போகவில்லை. அவள் முதலில் வந்தாள். முதலில் வந்தால் விடுவதாகச் சொன்னீர்கள்."

"வந்தான்னு நீங்க சொல்றீங்க. மைக்குல வேற மாதிரி சொன்னாங்களே."

"மைக்கில் சொன்னது பொய்."

"பொய்யோ மெய்யோ, பேரு வந்துடுச்சில்ல? இந்தப் பேரு போதும்மா. கப்பு எதுக்கு?" என்று தறியின் மிதியை அழுத்தினார்.

ஏளனம் செய்தவர்களும் புகழ்ந்தவர்களும் வெவ்வேறு வாயால் ஒரே வேலையைச் செய்தார்கள். அவள் முதலில் வந்தாள் என்பதை இரு சாராரும் சேர்ந்து புதைத்தார்கள். எனக்குக் குரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சொல் தவறியவர் என்று அவரை அவர் வீட்டிலேயே நின்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால்கூட நலமாயிருக்கும். "டீச்சரம்மாக்குத் தண்ணி குடும்மா" என்றார்.

அவள் எழுந்து சொம்பில் நீர் கொண்டுவந்தாள். அதை நீட்டும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"டீச்சர், நான்தான முன்னாடி வந்தேன்?"

"நீதான்."

"அவுங்ககிட்ட இன்னொரு தபா சொன்னீங்களா?"

"சொன்னேன். ஏற்கவில்லை."

"மறுபடியும் சொல்லுங்க டீச்சர்."

"வந்து கரையைப் பாரு" என்றார் தந்தை. அவள் போய் மறுபக்கம் அமர்ந்தாள். நாடா அவள் கையிலிருந்து பாய்ந்து போயிற்று.

அதன் பின் அவள் ஓடவில்லை. இழையை அறுக்காத பெண் என்ற அந்தப் பெயரைக் கேட்டே ஆரணியிலிருந்து நெசவாளர் குடும்பமொன்று வந்து பெண் கேட்டது. திருமணமாகி அங்கே சென்றாள். அவளை நான் மீண்டும் கண்டதில்லை. மணலில் நான் தொடர்ந்து பல ஆண்டுகள் பயிற்றினேன்; விரைந்த பெண்கள் வந்தார்கள், பரிசும் பெற்றார்கள். அந்தப் பரிசுகளைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சி வந்ததுண்டு. சினம் போனதில்லை.

மறுபடியும் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். கல்வித்துறை அலுவலகத்தில் சொன்னேன், அடுத்த ஆண்டுப் போட்டியில் அதே நடுவரிடம் சொன்னேன், சென்ற திங்கள் மண்டபத்தில் எழுந்து நின்றும் சொல்ல முயன்றேன். இப்போது அச்சில் சொல்கிறேன்.

அன்று திடலில் இருந்தவருள் சிலரேனும் இதைப் படிக்கக்கூடும். எனக்கு வயதாகிவிட்டது, பட்டின் நிறம் சிவப்பென்றது பிழையாகலாம், மாகறல் என்றது அதன் அண்டை ஊராயிருக்கலாம், உரையாடலில் சொற்கள் இடம் மாறியிருக்கலாம். பிழை கண்டவர் தெரிவித்தால் நன்றியுடன் திருத்திக்கொள்வேன். முதலில் வந்தவள் வேறொருத்தி என்று கருதுவோரும் தாராளமாக எழுதலாம். எழுதும்போது, அன்று தாங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன். நான் கோட்டுக்கு நேர் எதிரே நின்றேன்.